பெரிய சந்தையில இருந்து வந்த காசு

"மகாபொல விழுந்திட்டுதா?" கம்பஸில் இந்தக் கேள்வி கேட்காத மாதம் குறைவு. ஆனால் அந்தப் பெயர் எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டால் எங்களில பலர் முழிப்பம். சிங்களத்தில் 'பொல' எண்டால் சந்தை. மகாபொல எண்டால் பெரிய சந்தை. புலமைப்பரிசிலுக்கு ஏன் சந்தையின்ர பெயர்?

கதையைக் கொஞ்சம் முன்னால இருந்து தொடங்க வேணும். 1945இல், சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. பெரிய மாற்றம்தான். ஆனால் சாப்பாடு, போர்டிங் வாடகை, பஸ் காசு எதுவும் இலவசமாகவில்லை. கூலி வேலை செய்யிற வீட்டில் ஒரு பிள்ளை கம்பஸ் போனால், உழைக்கக்கூடிய ஒரு ஆள் நாலு வருசம் உழைக்காமல் இருக்க வேணும். கட்டணம் இல்லை எண்டதால மட்டும் அந்த இழப்பு ஈடாகாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் மகாபொல நம்பிக்கை நிதியம் உருவானது. அதற்குப் பின்னால நிண்டவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி. மகாபொல எண்ட பெயரில் வர்த்தகக் கண்காட்சிகள் நடத்தி நிதி சேர்த்தார்கள். பிறகு அபிவிருத்தி லொத்தர் வருமானமும் சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் லொத்தர் வாங்கி, ஒண்டும் விழாமல் கசக்கி எறியிற தொழிலாளியின்ர காசும் இதுக்குள்ள இருக்கு. "அரசாங்கம் சும்மா தருது" எண்டு சொல்லுறவைக்கு இதைச் சொல்லலாம்.

தமிழர்களாக இதை வாசிக்கேக்க ஒரு உறுத்தலும் வரும். 1981, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட வருசம். ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிஞ்சது அதே ஆட்சியில்தான். அத்துலத்முதலி 1984இல் தேசியப் பாதுகாப்பு அமைச்சரானார். வடக்கு கிழக்கில் மூத்தவை அந்தப் பெயரைப் போரோடதான் ஞாபகம் வைச்சிருக்கினம். 1993இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தொடக்கின நிதியத்தால தமிழ்ப் பிள்ளைகளும் படிச்சினம். ஒண்டை மறைச்சு மற்றதை மட்டும் சொன்னால் அது வரலாறு இல்லை.

மகாபொல உயர்தரப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத்தான் கிடைக்கும். கிடைக்காதவைக்கு பேர்சரி இருக்கு. ஆனால் கஷ்டத்தை வருமானத்தால மட்டும் அளக்கலாமா? ஆசிரியர் ஒருவரின்ர சம்பளம் சதம் வரை கடதாசியில் தெரியும். வியாபாரியின்ர வருமானம் அப்பிடித் தெரியாது. 2009 ஓகஸ்டில் மெனிக் பாம் முகாமுக்குள்ள இருந்து உயர்தரப் பரீட்சை எழுதின பிள்ளைகள் இருக்கினம். அவை இழந்த வீட்டுக்கும், படிக்க முடியாமல் போன மாதங்களுக்கும் வருமானப் பத்திரத்தில் கூடு இல்லை.

இன்னொரு பிரச்சினை, தொகை. 2015இல் மகாபொல 5,000 ரூபாவாக உயர்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்டப் போனது. அப்பவும் அதே 5,000தான். முப்பது நாளுக்குப் பிரிச்சால் ஒரு நாளுக்கு 166 ரூபா. அந்த நேரம் வெளிக்கடையில் ஒரு சோத்துப் பார்சலுக்கே அது காணாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ஆனது. பத்து வருசம்!

கூட்டினது நல்லது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு அரசாங்கம் மனமிரங்கும் வரை ஏன் காத்திருக்க வேணும்? விலைவாசி ஏறேக்க இந்தத் தொகையும் தானாக ஏற ஒரு விதி வேணும். சந்தையின்ர பெயரை வைச்சிருக்கிற காசு, சந்தையில் அரிசி என்ன விலை எண்டு தெரியாமல் இருக்கக்கூடாது. அடுத்த முறை "விழுந்திட்டுதா?" எண்டு கேட்கேக்க, "காணுமா?" எண்டும் சேர்த்துக் கேட்பம்.