அஸதையோபிரின்: நாய்களில் நிகழ்ந்த பரிசோதனைகள்

ஒரு பிராணியின் சிறுநீரகத்தை மற்றொன்றின் சரீரத்தில் பொருத்தினால், இரத்தக் குழாய்கள் எத்துணை நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருப்பினும், வெள்ளணுக்கள் அதனை அந்நியமென்று இனங்கண்டு சில தினங்களிலேயே அழித்துவிடுவது இயற்கை. இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டுவந்த மெர்காப்டோபியூரின் என்னும் ஔஷதம், முயல்களிடத்தே அந்நியப் புரதத்தை எதிர்க்கும் சக்தியை ஒடுக்குவதை, 1959-இல் அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸும் டேமஷெக்கும் வெளியிட்டனர். அதனால் ஊக்கமுற்ற லண்டன் அறுவை மருத்துவர் ராய் கால்ன், மறு ஆண்டே அம்மருந்தை நாய்களுக்கு அளித்து, மாற்றுச் சிறுநீரகம் ஒரு மாதத்தையும் கடந்து இயங்கக்கூடும் என்று நிரூபித்தார். சொந்தச் சிறுநீரகங்கள் நீக்கப்பட்ட நாய்க்கு மாற்றுறுப்பே ஜீவாதாரமாதலால், அது பிழைத்திருப்பதே ஐயத்துக்கிடமற்ற சான்றாயிற்று.

ஆயினும் மருந்தின் அளவு சிறிது மிகுந்தால் எலும்பு மஜ்ஜை நலிந்து, தொற்றுநோய் உயிரைக் குடித்தது. இதுவே இவ்வாராய்ச்சியின் தீராத சங்கடம். பின்னர் பாஸ்டனில், மருந்தாய்வாளர்கள் ஹிட்சிங்ஸும் எலியனும் தந்த, மெர்காப்டோபியூரினின் மாற்று வடிவமான அஸதையோபிரினைக் கொண்டு கால்ன் காத்த லாலிபாப் என்னும் நாய் ஆறு மாதங்களுக்கு மேல் வாழ்ந்தது. அந்நாய்களுக்கு மருத்துவ உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. பாஸ்டனிலேயே 1962-இல், இறந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தை ஜோசப் மரே ஒரு நோயாளிக்குப் பொருத்தியபோது, அஸதையோபிரினின் துணையால் அது ஓராண்டுக்கு மேல் இயங்கியது.