சாங் கஞ்சிலை நம் பிள்ளைகள் அறிவார்களா?



சில வாரங்களுக்கு முன்பு காட்சிக்கலைக் கல்விப் பாடத்தின்போது, ஆண்டு மூன்று மாணவர்களிடம், “சாங் கஞ்சில் யார் என்று தெரியுமா?” எனக் கேட்டேன். வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “தெரியும் டீச்சர், எங்க தாத்தாவோட பழைய காடி” என்றான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் தவறொன்றும் இல்லை. 1994 முதல் 2009 வரை உற்பத்தியான பெரோடுவா கஞ்சில் வாகனம் இன்றும் சிம்பாங் ரெங்கம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எனினும் அந்த வாகனத்திற்கு அப்பெயரை ஈந்த சருகுமானை அவன் அறிந்திருக்கவில்லை. காட்டிலே தன்னினும் வலிய புலியையும் முதலையையும் அறிவால் வென்ற அந்தச் சிற்றுயிரை, என் தலைமுறையினர் தொலைக்காட்சியில் கண்டு வளர்ந்தோம். இடையில் என்ன நேர்ந்தது? இக்கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பழைய அசைவூட்டப் படங்களை இன்றைய பிள்ளைகள் பார்ப்பதில்லை என்று பொதுவாகக் கூறிவிடுகிறோம். “இக்காலப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, பழையது பிடிக்காது” என்று காரணமும் சொல்லிவிடுகிறோம். இது முழு உண்மையன்று. அதே வகுப்பில், “டோம் அண்ட் ஜெர்ரி பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்தப் பூனையும் எலியும் முதன்முதலில் திரைக்கு வந்த ஆண்டு 1940. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி தொடங்குவதற்கும் முன்பு! எண்பது ஆண்டுகளைக் கடந்த படத்தைப் பிள்ளைகள் இன்றும் விழுந்து விழுந்து சிரித்துப் பார்க்கின்றனர். ஆகவே, பழமை ஒரு தடையே அன்று.

பின் எது தடை? இதை அறிய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் முதல் முழுநீள அசைவூட்டப் படமான ‘ஸ்னோ ஒயிட்’ 1937-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏழாண்டுகள் கழித்து, 1944-இல், அந்நிறுவனம் அப்படத்தை மீண்டும் திரையரங்குகளுக்குக் கொண்டு வந்தது. அதன் பிறகு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் பழைய படங்களை மறுபடியும் திரையிடுவதை வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது. முன்பு பார்த்த பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் புதிய பிள்ளைகள் பிறந்து வந்திருப்பார்கள். அவர்களுக்கு அது புதுப்படம்தானே? இதில் வணிக நோக்கம் இருந்தது என்பது உண்மை. ஆயினும் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. எந்தப் படமும் தானாகவே காலத்தை வெல்வதில்லை. அதைத் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக் கதை வேறு.

1946-இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. அதுவே 1963-இல் பிலேம் நெகாரா மலேசியா எனப் பெயர் மாற்றம் கண்டது. அங்கே தயாரான படங்களைத் தகவல் இலாகாவின் வாகனங்கள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டு சென்று காட்டின. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்து அமர்ந்து படம் பார்த்த அனுபவத்தை என் தந்தையார் இன்றும் சுவைபடக் கூறுவார். படம் என்ன என்பதைவிட, எல்லாரும் சேர்ந்து பார்த்தோம் என்பதே அவர் நினைவில் முதலில் நிற்கிறது.

அந்தப் பிலேம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர் ஆனந்தம் சேவியர். 1978-இல் அவர் ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ என்னும் குறும்படத்தை உருவாக்கினார். மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படம் என்று வரலாறு இதனையே குறிப்பிடுகிறது. இன்று போல் கணினி இல்லாத காலம். பெரும்பாலும் தம் ஒருவர் உழைப்பிலேயே அவர் அப்படத்தை வரைந்து முடித்தார்.

அதே 1978-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் மலேசியத் தொலைக்காட்சியில் வண்ண ஒளிபரப்பும் தொடங்கியது. நல்ல நேரம் கூடி வந்ததாகவே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் படம் 1983-ஆம் ஆண்டுதான் ஒளிபரப்பானது. ஐந்து ஆண்டுகள்! படம் முடிந்த ஆண்டில் பிறந்த குழந்தை, பாலர் பள்ளிக்குச் செல்லும் வயதில்தான் அதைக் காண முடிந்தது.

அதன் பின்னர் வழி திறந்தது. ‘சாங் கஞ்சில் டான் மோஞ்ஞேட்’ 1984-இலும், ‘சாங் கஞ்சில் டான் புவாயா’ 1987-இலும் வந்தன. இவற்றை இயக்கிய ஹசான் முத்தலிப், அசைவூட்டக் கலையைத் தம் சொந்த முயற்சியால் கற்றுத் தேர்ந்தவர். 1998-இல் நாட்டின் முதல் முழுநீள அசைவூட்டப் படமான ‘சீலாட் லெஜெண்டா’வை இயக்கியவரும் இவரே. இதற்கிடையில் 1995-இல் ‘ஊசோப் சொந்தோரியான்’ தொடரும், 1997-இல் கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் ‘கம்போங் போய்’ தொடரும் வந்தன. ‘கம்போங் போய்’ 1999-இல் பிரான்சு நாட்டின் அன்னெசி அசைவூட்டத் திரைப்பட விழாவில் விருது பெற்று நாட்டுக்குப் பெருமை சேர்த்தது. 2007-ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ இன்று நம் பிள்ளைகளின் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டது. அதில் வரும் ராஜுவையும் அங்கிள் முத்துவையும் அறியாத தமிழ்ப்பள்ளி மாணவர் உண்டோ? நம்மவர் முகம் திரையில் தெரியும்போது பிள்ளைகளின் கண்களில் தோன்றும் ஒளியை ஆசிரியர்கள் நன்கறிவோம்.

ஆனால் அந்த வரிசையின் தலைவாயிலில் நிற்கும் ஆனந்தம் சேவியர் என்னும் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? உண்மையைச் சொல்கிறேன், நாற்பது வயதைக் கடக்கும்வரை நானும் அறிந்திருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கலைக்கல்வி பயின்றபோது மேலை நாட்டு ஓவியர்கள் பலரின் பெயர்களை மனனம் செய்தேன். நம் செவிக்கு இத்துணை நெருக்கமான ஒலியுடைய இப்பெயரை எங்கும் கண்டதாக நினைவில்லை.

அறிய வைத்தவள் என் மாணவி ஒருத்தி. அன்றைய வகுப்பில், இணையத்திலிருந்து ‘சாங் கஞ்சில் டான் புவாயா’ படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினேன். முதல் இரண்டு நிமிடங்கள் நெளிந்தார்கள். “டீச்சர், படம் ரொம்ப மெதுவா போகுது” என்றான் ஒருவன். படத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட எண்ணினேன். பிறகு ஒன்று தோன்றியது. ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, “இனி நீங்கள்தாம் பேச வேண்டும், தமிழில்” என்றேன்.

வகுப்பின் நிலையே மாறிவிட்டது. ஒருத்தி கஞ்சிலாகப் பேசினாள். வாய் திறந்தே பேசாத ஒரு மாணவன், யாரும் கேட்காமலேயே முதலைக்குக் குரல் கொடுத்தான். அவன் குரல் அத்துணை கனமானது என்பதை அன்றுதான் அறிந்தேன். “மெதுவா போகுது” என்றவனே, “டீச்சர், வேகமா போகுது, பேச நேரமே இல்லை” என்று குறைப்பட்டுக்கொண்டான்! படம் முடிந்ததும் கஞ்சிலாகப் பேசிய மாணவி கேட்டாள்: “டீச்சர், கஞ்சிலை முதன்முதல்ல யாரு வரைஞ்சாங்க?”

எனக்கு விடை தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன். அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் மேற்கண்ட வரலாறு எனக்குக் கிட்டியது.

மறுவாரம் அந்தப் பெயரை வெண்பலகையில் எழுதினேன். ஒரு நொடிப் படத்திற்கு 24 படச்சட்டங்கள் வேண்டும் என்பதையும், ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் தேவை என்பதையும் விளக்கினேன். ஒரு நிமிடத்திற்கு 720 ஓவியங்கள் என்று மாணவர்களே பெருக்கிச் சொன்னார்கள். பின்னர்க் குழுவுக்குப் பன்னிரண்டு தாள்கள் கொடுத்து, முதலையின் முதுகின்மீது கஞ்சில் தாவும் காட்சியை வரையச் செய்தேன். ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் வரைந்தார்கள். தாள்களை அடுக்கி, கட்டை விரலால் விர்ரென்று புரட்டினார்கள். கஞ்சில் ஒரே ஒரு தாவல் தாவியது. ஒரு நொடி, அவ்வளவுதான்.

தாத்தாவின் காடியைப் பற்றிச் சொன்ன அதே மாணவன் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவ்வளவையும் அவரு ஒருத்தரேவா வரைஞ்சாரு?” என்றான். அன்று நான் நடத்திய வரலாற்றுப் பாடம் அந்த ஒரு கேள்வியில் நிறைவு பெற்றது.

கஞ்சில் கதைகள் நமக்கு அந்நியமானவையும் அல்ல. சிங்கத்தைக் கிணற்று நீரில் அதன் நிழலைக் காட்டி வீழ்த்திய முயலைப் பஞ்சதந்திரக் கதைகளில் படித்திருக்கிறோம். வலியோரை எளியோர் அறிவால் வெல்லும் அதே கருத்தே கஞ்சில் கதைகளிலும் ஓடுகிறது. பரமேஸ்வராவின் வேட்டை நாயை ஒரு சருகுமான் எட்டி உதைத்த இடத்தில்தான் மலாக்கா தோன்றியது என்பது மரபுக் கதை. மலாக்கா மாநிலச் சின்னத்திலும் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. மொழிப்பாடம், வரலாறு, நன்னெறி, கலை ஆகிய நான்கையும் ஒரே சிறு படத்தின்வழி இணைக்க முடியும் என்பதை ஆசிரிய நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

தமிழில் இத்தகைய படங்கள் இல்லையா என்று சிலர் கேட்கலாம். 1989-இல் வெளிவந்த ‘ராஜா சின்ன ரோஜா’ திரைப்படத்தில், ரஜினிகாந்தும் குழந்தைகளும் கேலிச்சித்திர விலங்குகளோடு ஆடிப்பாடிய காட்சியை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். 2007-இல் இளையராஜாவின் இசையில் ‘இனிமே நாங்கதான்’ என்னும் முப்பரிமாணப் படம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்திய, ஜப்பானியக் கலைஞர்கள் இணைந்து உருவாக்கிய இராமாயண அசைவூட்டப் படம், 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு இந்தியத் திரையரங்குகளுக்குத் திரும்பி வந்தது. முப்பதாண்டுப் பழைய படம், புதிய பிள்ளைகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. இங்கும் அதே பாடம்தான். யாரோ காட்டினார்கள், பிள்ளைகள் பார்த்தார்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, பிறர் பிள்ளைகளுக்கு இயங்கலையில் பாடம் நடத்துவதற்காக என் பிள்ளையின் கையில் திறன்பேசியைக் கொடுத்து அடுத்த அறையில் அமர வைத்தேன். கட்டுப்பாடு நீங்கியது; பழக்கம் நீங்கவில்லை. உணவு வேளையிலும் திறன்பேசி தட்டின் அருகிலேயே இருந்தது. அவன் என்ன பார்க்கிறான் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவன் நல்ல படங்களைப் பார்ப்பதில்லை என்று நான் குறைகூறிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றையேனும் அவனுக்குக் காட்டியிருந்தேனா? இல்லை.

திறன்பேசி, முன்பு பார்த்ததைப் போன்ற ஒன்றையே அடுத்தடுத்து நீட்டும். பிள்ளை இதுவரை அறியாத, ஆனால் அறிய வேண்டிய ஒன்றை அது தேடி எடுத்துத் தராது. அந்த வேலை தாத்தா பாட்டிக்கும், தாய் தந்தைக்கும், ஆசிரியருக்கும் உரியது. திடலில் பாய் விரித்து அமர்ந்த என் தந்தையாரின் தலைமுறையில் அவ்வேலையை ஊரே சேர்ந்து செய்தது.

சென்ற சனிக்கிழமை இரவு என் மகனோடு அமர்ந்து அதே படத்தைப் பார்த்தேன். என் தந்தையாரும் வந்து அமர்ந்தார். பாதியில் மகன் எழுந்து போய்விடுவான் என்றே எதிர்பார்த்தேன். போகவில்லை. படம் முடிந்ததும் தாத்தாவிடம், “உங்க தோட்டத்துல கஞ்சில் இருந்துச்சா தாத்தா?” என்று கேட்டான். பால்மரக் காட்டோரத்தில் விடியற்காலையில் ஒருமுறை கண்ட கதையை அவர் சொல்லத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கே அவர் சொல்லாத கதை அது.

வாரத்தில் ஒரு நாள், பத்தே நிமிடம், ஒரு பழைய படம். ஆனால் பிள்ளையின் அருகில் நாமும் அமர்ந்திருக்க வேண்டும். பார்த்து முடித்ததும், வரைந்தவர் யார் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.