தேர்வுப் பயத்தில் நடுங்கும் பிள்ளை: பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் வீடுகளில் தொலைக்காட்சி அணைந்து விடுகிறது. கல்யாண வீடுகளுக்குப் போவது நின்று விடுகிறது. எல்லாம் பிள்ளையின் நன்மைக்குத்தான். ஆனால் சில பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடுகளே, ஏதோ பெரிய ஆபத்து வரப்போகிறது என்ற எண்ணத்தை உண்டாக்கி விடுகின்றன.

ஓரளவு பயம் இருப்பது நல்லது. அதுதான் புத்தகத்தை எடுக்க வைக்கிறது. நாம் இங்கே பேசுவது அதைத் தாண்டிய நிலையைப் பற்றி. தேர்வு நாள் காலையில் வாந்தி எடுப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது, நன்றாகப் படித்தும் கேள்வித்தாளைக் கண்டதும் எல்லாம் மறந்து போவது, திருப்புதல் தேர்வு என்றாலே வயிற்றுவலி வந்து பள்ளிக்குப் போக மறுப்பது.

இது நடிப்பு அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. ஆபத்தை உணரும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. நாயைக் கண்டு ஓடுவதற்கு இது உதவும். கணக்குப் போடுவதற்கு உதவாது. மூச்சு வேகமாக வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றி விரல்கள் மரத்துப் போகும். பிள்ளையோ தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மேலும் பயந்து போகும்.

கதீஜா (ரலி) காட்டிய வழி

ஹிரா குகையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு வீடு திரும்பிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நாம் அதை வஹீயின் வரலாறாக மட்டுமே வாசிக்கிறோம். பயந்து நிற்பவரை எப்படி அணுகுவது என்பதற்கும் அதில் பாடம் இருக்கிறது. போர்த்தி விடுமாறு அவர்கள் கேட்டார்கள், போர்த்தி விடப்பட்டது. பயம் தணிந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார்கள். தனக்கு என்ன நேருமோ என்று அஞ்சியதையும் சொன்னார்கள். கதீஜா (ரலி) அவர்கள் அதை அற்பமாக ஒதுக்கவில்லை. உறவைப் பேணுவது, பிறர் சுமையைத் தாங்குவது, விருந்தினரை உபசரிப்பது என்று கணவரிடமிருந்த நற்குணங்களை எடுத்துச் சொல்லி, அல்லாஹ் கைவிட மாட்டான் என்று தைரியமூட்டினார்கள். பிறகு, விவரம் அறிந்தவரான வரகா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள்.

இந்த வரிசையை நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளை நடுங்கிக்கொண்டிருக்கும்போதே விசாரணை தொடங்கி விடுகிறது. 'எத்தனை பாடம் முடித்தாய்? பெரியம்மா மகன் 560 எடுத்தானே?' என்று. முதலில் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். சில நிமிடங்களில் படபடப்பு இறங்கத் தொடங்கும். அதன் பிறகு கேளுங்கள். பிள்ளையின் நற்குணங்களைச் சொல்லும்போது மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாதவற்றைச் சொல்லுங்கள்: தங்கையைப் பார்த்துக்கொள்வது, பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது. அத்தாவும் உம்மாவும் தன் மதிப்பெண்ணை மட்டும் நேசிக்கவில்லை என்பது பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும்.

தேர்வு எழுதுவதைத் தவிர்க்க விட்டால் பயம் வளர்கிறது. ஒரு நாள் விடுப்பு அன்றைக்கு நிம்மதி தரும். அடுத்த தேர்வை இன்னும் பயங்கரமாக்கும். ஆகவே சிறியதாகத் தொடங்கலாம். வீட்டில் கடிகாரத்தை வைத்து அரை மணி நேரத் தேர்வு, பிறகு ஒரு மணி நேரம், பிறகு முழு மூன்று மணி நேரம். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். தமிழகப் பொதுத் தேர்வில் கேள்வித்தாளை வாசிக்கவே 10 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்த கேள்விகளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்தே எழுதத் தொடங்கப் பழக்குங்கள். முதல் பக்கம் நிரம்பினால் கை நடுக்கம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஃபிர்அவ்னிடம் போகுமாறு கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள் நெஞ்சம் விரிவடையவும், காரியம் எளிதாகவும், நாவின் முடிச்சு அவிழவும் கேட்ட துஆ தாஹா அத்தியாயத்தில் 25 முதல் 28 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது. பொருள் புரிந்து நிதானமாக ஓதினால் மூச்சும் சீராகும். ஆனால் இத்தனை முறை ஓதாவிட்டால் தோற்று விடுவாய் என்று மிரட்டாதீர்கள். பதறும் மனதுக்கு அது இன்னொரு தேர்வாகிவிடும்.

நோன்பு நாட்களில் தூக்கம்

2024, 2025 ஆண்டுகளில் பொதுத் தேர்வுகள் ரமளானில் வந்தன. ரமளான் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னால் நகர்வதால், இனி செய்முறைத் தேர்வுகளும் திருப்புதல் தேர்வுகளும் நோன்பில் வரும். இந்த வயதினருக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் தேவை. தராவீஹ் முடிந்து கடைத்தெருவைச் சுற்றிவிட்டு 12 மணிக்குப் படுத்து, ஸஹருக்கு எழும் பிள்ளைக்குப் பயம் இரு மடங்காகும். தராவீஹை வீட்டிலேயே சுருக்கமாகத் தொழுதுவிட்டுச் சீக்கிரம் படுக்கலாம். லுஹருக்குப் பிறகு சிறிது நேரம் கைலூலா தூங்கலாம். ஸஹரில் இரண்டு டம்ளர் காபி வேண்டாம்; படபடப்பை அது கூட்டும். நோன்பு வைக்க முடியாத அளவுக்கு உடல்நிலை மோசமானால் மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவரிடம் எப்போது போவது?

இரண்டு வாரமாகச் சரியான தூக்கமோ சாப்பாடோ இல்லை, பள்ளிக்கே போவதில்லை, அடிக்கடி மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. கண்ணேறு, ஜின் என்று தாயத்துக்கு அலையும் நாட்கள் பிள்ளைக்கு இழப்புதான். ஓதிப்பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்கள்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் பேச்சு வழிச் சிகிச்சையே தொடக்கம். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

'இருந்து என்ன பயன்', 'செத்துப் போகலாம் போலிருக்கிறது' என்று பிள்ளை சொன்னால், சும்மா சொல்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் உடனே ஹராம், நரகம் என்று தொடங்க வேண்டாம். அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது. கேட்டுக்கொள்ளுங்கள், தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாமல் வையுங்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

தேர்வு முடிவு வெளியாகும் காலையில் பிள்ளையைத் தனியாக இருக்க விடாதீர்கள். உறவினர் தொலைபேசி அழைப்புகளைப் பெரியவர்களே எடுத்துப் பேசட்டும். பொதுத் தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-இல் நிறுத்திவிட்டது; குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில்தான் அது இன்னும் தொடர்கிறது. ஒரு பாடத்தில் தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு இருக்கிறது, அதில் தேறி அதே ஆண்டில் கல்லூரியில் சேரவும் வாய்ப்புண்டு என்பதை முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.