வாதுமைக் கேக்கும் தூத்துக்குடி மக்ரூனும்

கோதுமை மாவு இல்லாமல் கேக் செய்ய முடியுமா? ஸ்பெயின் நாட்டின் வடமேற்கிலுள்ள கலீசியா பகுதியினர் பல நூற்றாண்டுகளாகச் செய்து வருகின்றனர். 'தார்த்தா தே சாந்தியாகோ' எனப்படும் அந்தக் கேக்கில் வாதுமைத் தூள், சர்க்கரை, முட்டை ஆகிய மூன்றே முக்கியப் பொருள்கள். சாந்தியாகோ நகரில் இத்தகைய கேக் பரிமாறப்பட்டது பற்றி 1577-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. மேலே சர்க்கரைத் தூளால் சிலுவை பதிப்பது மட்டும் 20-ஆம் நூற்றாண்டு வழக்கம்.

இனி நம் தூத்துக்குடி மக்ரூனைப் பார்ப்போம். முந்திரித் தூள், சர்க்கரை, முட்டையின் வெண்கரு. இங்கும் மாவு இல்லை! இது போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற பண்டம் என்பர் ஊரார். 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர், 1658-இல் தூத்துக்குடியை டச்சுக்காரர்களிடம் இழந்தனர். ஆனால் மக்ரூன் என்னும் பெயரின் வடிவம் ஆங்கிலத்தை ஒட்டியது. ஆகவே ஊரார் கூற்றை முழுவதும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

வாய்மொழியைவிட முந்திரி நல்ல சாட்சி. அது பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியரே. மலையாளத்தில் முந்திரிக்குப் 'பறங்கியண்டி' என்றே ஒரு பெயர் உண்டு. முந்திரி மக்ரூனின் வயது அந்நூற்றாண்டைத் தாண்ட முடியாது.

ஐரோப்பிய மக்ரூனில் சேர்வது வாதுமை. அம்மரம் பூக்கக் குளிர்காலம் தேவை. நம் கடற்கரையில் அது காய்க்காது. (தெருவோரத்தில் நிழல் தரும் நாட்டு வாதுமை வேறு இனம்.) முந்திரியோ கடலோர மணலிலும் செழிக்கும்.

பருப்பு மாறியும் பண்டம் கெடாதது ஏன்? வெண்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர். எஞ்சியது பெரும்பாலும் புரதம். நுரைக்க அடிக்கும்போது புரத மூலக்கூறுகள் சுருள் அவிழ்ந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலமாகின்றன. சூட்டில் அப்படலம் இறுகுகிறது. கோதுமையின் பசைப்புரதம் செய்யும் வேலையை இங்கு முட்டையே செய்துவிடுகிறது. ஒரே எதிரி எண்ணெய். பருப்பை விழுதாகும்படி அரைத்தால் எண்ணெய் கசிந்து நுரையை உடைத்துவிடும். ஆகவே தூளைக் கடைசியில், மெதுவாகக் கலக்கவேண்டும்.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டில் ஸ்பெயின் கேக்கைச் செய்ய விரும்பினால், 250 கிராம் வாதுமை அல்லது முந்திரித் தூள், அதே எடை சர்க்கரை, 5 முட்டை, துருவிய எலுமிச்சைத் தோல் சிறிது போதும். மின்னடுப்பாயின் 175 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 40 நிமிடம். அது இல்லாதவர்கள் கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடலாம். மணல் சூட்டைச் சீராகப் பரப்பும்.

முழு முட்டை சேர்வதால் கேக் ஈரப்பதத்துடன் இருக்கும். மக்ரூனுக்கு வெண்கரு மட்டுமே. அதனை இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர்த்தி எடுப்பதால் மொறுமொறுப்பாகிறது. ஆனால் அதிலுள்ள சர்க்கரை காற்றின் ஈரத்தை விரைவில் உறிஞ்சும். காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிடில் மறுநாளே நமுத்துவிடும்.