எண்ணெய் வண்ண உருவப்படம்: பார்த்துப் பயின்ற வரலாறு

தென்னிந்தியாவில் எண்ணெய் வண்ண உருவப்பட ஓவியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரண்மனைகளின் ஆதரவில் வளர்ந்தது. சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் கலைப்பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஆனால் அரண்மனை சார்ந்த ஓவியர்கள் பலர் பிறர் வரைவதைப் பார்த்தும், ஐரோப்பிய ஓவியங்களின் பிரதிகளைப் பார்த்து வரைந்துமே கற்றனர். ராஜா ரவி வர்மாவின் (1848–1906) பயிற்சிக்காலம் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று.

பின்னணி

தஞ்சாவூர் பாணியில் பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, பொன்தகடு பதித்து வரைவர். உருவங்களில் ஒளிநிழல் குறைவு. எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வது. எனவே இரு நிறங்களை ஈரத்திலேயே குழைத்துக் கன்னத்தின் வளைவையும் தோலின் மினுமினுப்பையும் காட்டமுடியும். மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஆதரவைப் பெற்ற ஓவியர். ரவி வர்மாவின் தாய்மாமன் ராஜராஜ வர்மா அவரிடம் பயின்றவர்.

ரவி வர்மாவின் பயிற்சி

ரவி வர்மா 1862-இல் மாமனுடன் திருவனந்தபுரம் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் அரண்மனையில் இருந்த ஐரோப்பிய ஓவியத் தொகுப்புகளைப் பார்க்க அனுமதித்தார். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்றுத்தர மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்க முன்வரவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் இசைந்தார்.

அச்சுப்பிரதியைப் பார்த்து வரைபவருக்கு உருவ அமைப்பும் ஒளியின் திசையும் பிடிபடும். அடியில் எந்த நிறம் பூசப்பட்டது, அது எவ்வளவு உலர்ந்தபின் அடுத்த பூச்சு வந்தது என்பவை தெரியாது. முடிந்த ஓவியம் தன் அடுக்குகளை மறைத்துவிடுகிறது. ஓவியர்கள் காத்த தொழில் ரகசியம் இதுவே. ஜென்சனின் தூரிகை அசைவைக் கண்டது ரவி வர்மாவுக்கு இந்த இடைவெளியை நிரப்பியது.

விளைவு

1873-இல் சென்னைக் கண்காட்சியில் ரவி வர்மாவின் நாயர் பெண் ஓவியம் ஆளுநரின் தங்கப்பதக்கம் பெற்றது. 1894-இல் அவர் தொடங்கிய அச்சகம் அவருடைய ஓவியங்களை வண்ணப்படங்களாக வீடுகளுக்குக் கொண்டுசென்றது. மறைத்து வைக்கப்பட்ட கலையைப் பார்த்துக் கற்றவரின் படங்களே அடுத்த தலைமுறை நாட்காட்டி ஓவியர்களுக்கு முன்மாதிரி ஆயின. அவர்கள் முன்னும் இருந்தது அச்சுப்பிரதியே. வண்ண அடுக்குகளைத் தாமே கண்டறிய வேண்டியிருந்தது. இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவின் மூல ஓவியங்களை எவரும் நேரில் பார்க்கலாம்.