கீசகன் பையனா?



கோடை விடுமுறைக்கு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கும் பேத்தி, போகோ சேனலில் சோட்டா பீம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த பீமன்தான் கீசகனைக் கொன்றவன்" என்றேன். "ஐயோ தாத்தா! கீசக் பெஹல்வான்பூர் பையன். போட்டியில தோத்துப் போவான், அவ்வளவுதான்" என்றாள்.

ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்ட் நிறுவனம் 2008-இல் தொடங்கிய தொடர் அது. பீமையும் லட்டையும் எல்லோருக்கும் தெரியும். துணைப் பாத்திரங்களைத்தான் ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருக்கிறோம். 2020 ஜூனில், பீம் சுட்கியை விட்டுவிட்டு இளவரசி இந்துமதியை மணந்துகொண்டான் என்று செய்தி பரவியது. சுட்கிக்கு நீதி கேட்டு ட்விட்டரே அமளிப்பட்டது. அவர்கள் இன்னும் குழந்தைகள், கல்யாணமே நடக்கவில்லை என்று நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. (உங்களில் சிலரும் அதை எனக்கு அனுப்பினீர்கள். யார் என்று சொல்லமாட்டேன்.)

பாரதத்துக் கீசகன் விராட நாட்டுச் சேனாதிபதி; அரசி சுதேஷ்ணையின் உடன்பிறந்தவன். பாண்டவர் மறைந்து வாழ்ந்த ஆண்டு அது. பீமன் சமையற்காரன், திரௌபதி அரசியின் பணிப்பெண். மது வாங்கிவரச் சொல்லி அவளைக் கீசகன் வீட்டுக்கு அனுப்பியவளே அரசிதான். தப்பி ஓடிவந்தவளைச் சபையிலேயே உதைத்தான் கீசகன். மன்னன் அவனைத் தண்டிக்கவில்லை. கங்கன் என்ற பெயரில் அங்கே இருந்த தருமரும் "உள்ளே போ" என்றுதான் சொன்னார். நடனசாலையும் பீமனும் அதற்குப் பிறகுதான்.

சிறுவயதில் பாகூர் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் அத்தையோடு விடிய விடிய இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன். பீமன் வந்ததும் நாங்கள் குதித்தோம். அத்தை சபைக் காட்சியிலேயே அழுது முடித்திருந்தார்.

ஆசிரியரான பிறகும் எனக்கு அந்த அழுகை விளங்கவில்லை போலும். ஐந்தாம் வகுப்பில் எத்தனையோ முறை கீசகன் கதை சொல்லியிருக்கிறேன். பீமன் இருட்டில் முக்காடு போட்டுப் படுத்திருந்ததை நடித்துக் காட்டுவேன், வகுப்பே சிரிக்கும். சபையில் அவள் கேட்ட நியாயத்தை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சுட்கிக்காகக் கொதித்தவர்களைக் கேலி செய்ய எனக்கு என்ன தகுதி!

இம்முறை முழுவதும் சொன்னேன். "அந்த ராணிக்கு என்ன தண்டனை?" என்றாள் பேத்தி. ஒன்றுமில்லை. அவள் மகள் உத்தரையை அபிமன்யு மணந்தான். அரசி பாண்டவருக்குச் சம்பந்தியே ஆகிவிட்டாள் என்றேன்.

டிவியை அணைத்துவிட்டு, "முதல்லேருந்து சொல்லுங்க தாத்தா" என்றாள்.

உங்கள் ஊர்க் கூத்தில் அந்தச் சபைக் காட்சியை எப்படி ஆடினார்கள்? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள்.