கோச்சி: ஒரு சொல்லும் அதன் பாதையும்

இலங்கைத் தமிழர் பேச்சில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். சிங்களத்தில் அது கோச்சிய. மிளகாயைக் குறிக்கும் கொச்சிக்காய்க்கும் இதற்கும் உறவில்லை. மிளகாயின் பெயர் கொச்சித் துறைமுகத்தின் பெயரால் வந்தது என்பர். நெடிலில் தொடங்கும் கோச்சியின் மூலம் ஹங்கேரியில் உள்ள கோச் என்னும் கிராமம். அவ்வூரில் செய்த பயணிகள் வண்டிக்கு ஊர்ப்பெயரே பெயராகி ஐரோப்பா எங்கும் பரவியது. போர்த்துக்கீசர் அதைக் கோச்சே என்றனர், ஆங்கிலேயர் கோச் என்றனர். இரு நாட்டாரும் இலங்கையை ஆண்டவர்கள். ஆங்கிலத்திலிருந்து நேரே வந்திருந்தால் கோச்சு என்று உகரத்தில் முடிவதே தமிழின் இயல்பு. இகர ஈறு போர்த்துக்கீசச் சாயலைக் காட்டுகிறது.

அந்தச் சொல்லுக்குரிய வண்டியைக் குதிரைகள் இழுத்தன. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832இல் தபால் கோச் ஓடத் தொடங்கியது. கடிதப் பையோடு பயணிகளையும் ஏற்றிச் சென்றது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததும் குதிரை வண்டியின் வேலையை அது எடுத்துக்கொண்டது. பெயரும் கூடவே ரயிலுக்குப் போயிற்று.

ஊவாவுக்குக் கோச்சி மெதுவாகவே ஏறிவந்தது. 1885இல் பாதை நானுஓயாவில் நின்றது. மறு ஆண்டு ஊவா தனி மாகாணமானபோது அதன் தலைநகர் பதுளைக்குக் கடிதமும் அரிசியும் சாலை வழியேதான் போயின. 1898 மீட்டர் உயரமுள்ள பட்டிப்பொல உச்சியைக் கடந்து ரயில் 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. 1900இல் தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட போயர் போர்க் கைதிகளை அடைத்து வைக்கத் தியத்தலாவையைத் தேர்ந்ததற்கு இந்தப் பாதை அருகில் இருந்ததும் ஒரு வசதி. பண்டாரவளை முப்பது ஆண்டுகள் கடைசி நிலையமாக இருந்தது. அந்தச் சிற்றூர் நகரமானதில் இந்தக் காத்திருப்புக்குப் பெரும் பங்குண்டு.

நிலையத்திலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கடிதம் போன வழி வேறு. தோட்டங்களில் தபாலைத் தப்பால் என்பார்கள். மராத்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சிறு திரிபோடு வழங்கும் இச்சொல்லின் மூலம் தெளிவாகவில்லை. தப்பால்காரர் நாள்தோறும் பூட்டிய தோல்பையோடு தபாற்கந்தோருக்கு இறங்கி, கடிதமும் செய்தித்தாளும் நிரப்பிக்கொண்டு மலையேறுவார். (கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்.) பையின் சாவி ஒன்று தபாற்கந்தோரில், மற்றொன்று தோட்ட ஆபீசில். ஆகவே தொழிலாளிக்கு இந்தியாவிலிருந்து வந்த கடிதமும் முதலில் ஆபீசில்தான் பையிலிருந்து வெளியே வந்தது. முகவரியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், வீட்டுக்கு எண் இருக்காது. லயத்து வாசலுக்கே கடிதம் வரவேண்டும் என்ற கோரிக்கை இன்றும் முழுதாகத் தீரவில்லை.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே 500 மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம். அதைச் சமாளிக்கத் தெமோதரையில் பாதையைச் சுற்றி வளைத்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் போட்டு இறக்கினார்கள். நிலையத்தைவிட்டுப் புறப்படும் வண்டி சற்று நேரத்தில் அதே நிலையத்தின் கீழே நுழைகிறது. அதற்கு முந்திய எல்ல பகுதியிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் இன்று படம் பிடிக்க வருவோரால் நிறைகிறது. பொறியியல் சாமர்த்தியத்தில் தெமோதரை அதற்கு ஒரு படி மேல்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன குறுகிய பாதைக்குப் பதுளைப் பாதையின் நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் உடப்புசல்லாவைத் தேயிலைக்காக 1903, 1904 ஆண்டுகளில் போட்ட அந்தப் பாதையை லாரிப் போட்டி முடித்தது, 1948இல் மூடிவிட்டார்கள். இராகலை ஊர் இருக்கிறது, கோச்சி நிலையம் இல்லை.

நிலையப் பலகைகளில் காணும் சொல் புகையிரதம். சிங்களத் தும்ரியவும் புகை வண்டிதான். 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்து நீராவி ஒதுங்கத் தொடங்கியும் அரசுச் சொல் புகையை விடவில்லை, பேச்சுச் சொல் குதிரை வண்டியை விடவில்லை. இரண்டில் வரலாறு கூடுதலாக இருப்பது பேச்சுச் சொல்லில்தான். இலங்கைத் தமிழ் அகராதி தொகுப்போர் கோச்சியைக் கொச்சை என்று தள்ளாமல் உரிய விளக்கத்தோடு பதிய வேண்டும்.